மின்தடைக் கணக்கைக் காட்டச் சட்டம் உண்டா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் மாவு அரைக்கும் கடை வைத்திருக்கிறேன். கோடை வந்தால் பகலில் பலமுறை கரண்ட் போகிறது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டால், “எங்கள் கணக்கில் உங்கள் பகுதியில் தடை ரொம்பக் குறைவு” என்கிறார்கள். அந்தக் கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? எனக்கு இழப்பீடு கிடைக்குமா?

பதில்: சட்டம் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 59. சேவைத் தரத்தில் எந்த அளவை எட்டினோம், எத்தனை பேருக்கு இழப்பீடு கொடுத்தோம், மொத்தம் எவ்வளவு என்று விநியோக நிறுவனம் (உங்களுக்கு மின்வாரியம்) மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். ஆணையம் அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டும். சட்டம் நாடாளுமன்றத்தினுடையது என்றாலும், தரம் என்ன என்பதை வகுப்பது மாநில ஆணையம்தான். தமிழ்நாட்டில் அந்த விதிமுறைகள் 2004-இல் வந்தன.

ஆனால் அந்த அறிக்கையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதில் இருப்பது சராசரி. நம் நாட்டில் தடைக் கணக்கைப் பொதுவாக 11 கிலோவோல்ட் ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து பல டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகும் பெரிய லைனை, வைத்துத்தான் போடுகிறார்கள். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போனாலோ, வீட்டுக்கு வரும் லைன் அறுந்தாலோ, ஃபீடர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் இருட்டில் இருப்பீர்கள், கணக்கில் தடை விழாது. அந்த அலுவலர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, அவர் பார்க்கும் கணக்கு அப்படி.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மாநில அறிக்கை அல்ல, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பதிவேடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள். மார்ச் முதல் மே வரை உங்கள் ஃபீடர் நின்ற நேரங்களைக் காட்டும் துணைமின் நிலையப் பதிவேட்டின் நகல், அதே மாதங்களில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிய புகார்கள் வந்த நேரம், சரிசெய்த நேரம். இவ்வளவு போதும். “ஏன் அடிக்கடி கரண்ட் போகிறது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காரணம் கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்ப வசதியாகிவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இழப்பீடு மின்சாரச் சட்டத்தின் பிரிவு 57-இல் வருகிறது. கரண்ட் போனதற்கு என்பதைவிட, விதிமுறை சொன்ன நேரத்துக்குள் சரிசெய்யாததற்கான தொகை அது. அப்போது புகார் எப்போது பதிவானது என்பதுதான் முதல் கேள்வியாக வரும். லைன்மேனுக்குப் போன் போட்டுச் சொன்னது செல்லாது. ஒவ்வொரு முறையும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுங்கள். அங்கே திருப்தி இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உள்ளதைச் சொல்கிறேன்: இந்தத் தொகை சின்னது, உங்கள் ஒரு நாள் வியாபாரத்துக்குக்கூட ஈடாகாது.

ஊறிய அரிசி கெட்டது, வியாபாரம் போனது என்று நஷ்டம் கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருத்தமான இடம். மின்சாரம் வழங்குவதும் ‘சேவை’ என்று 2019 நுகர்வோர் சட்டமே சொல்கிறது. கடை வணிக இணைப்பு ஆயிற்றே என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நீங்களே மெஷின் ஓட்டுகிறீர்கள் என்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

விநியோக நிறுவனம் அறிக்கையே தரவில்லை என்று தெரியவந்தால், மின்சாரச் சட்டத்தின் பிரிவு 142-இன் கீழ் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் யாரும் புகார் செய்யலாம். ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் உங்களுக்கு வராது. அதனால் முதலில் பதிவேட்டு நகலை வாங்குங்கள், 142-ஐ அப்புறம் பார்ப்போம்.