கூரியர் வேனை வீடாக்கலாமா? தகட்டை வெட்டும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் ஒரு யார்டில் 2019 மாடல் டெலிவரி வேன் வாங்கினேன். கூரியர் வேலைக்கு ஓடிய வண்டி. பின்பக்கம் முழுக்க மூடிய பாடி, ஜன்னல் கிடையாது. உள்ளே கட்டில், சின்னச் சமையல் மேடை, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் பேனல் எல்லாம் வைத்து, மனைவி, எட்டு வயது மகளுடன் ஓரிரு வருடம் ஊர் ஊராகப் போய் அதிலேயே வாழலாம் என்று திட்டம். பட்டறைக்காரர் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, "ஆர்.டி.ஓ. அப்ரூவல் நான் பார்த்துக்கறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். காகிதம் எதுவும் காட்டவில்லை. புரோக்கரோ, "உள்ளே என்ன வெச்சா யாருக்கு என்னங்க, எஃப்.சி. (தகுதிச் சான்றுச் சோதனை) அன்னைக்குக் கழட்டிட்டா போச்சு" என்கிறார். வண்டி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்? – வாசகர், திருப்பூர்.

பதில்: முதல் வேலையாகப் பட்டறையை நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலுக்குத் தகடு வெட்டிவிட்டால் பிறகு நான் சொல்வதற்கு அதிகம் இருக்காது.

உங்கள் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்துப் பாருங்கள். சரக்கு வாகனம், மூடிய பாடி, டிரைவரைச் சேர்த்து இரண்டோ மூன்றோ இருக்கை என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இங்கேதான் குறுக்கே வருகிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ(4) சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஜன்னல் ஒன்று, கூரைத் திறப்பு ஒன்று, கூடுதல் சீட் ஒன்று என்று தனித்தனியாக எண்ண அதில் இடம் இருக்கிறது.

ஆனால் எல்லாமே மாற்றம் அல்ல. வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால்தான் 'மாற்றம்' என்று பிரிவு 52-இன் விளக்கம் சொல்கிறது. மடக்குக் கட்டில், பட்டை போட்டுக் கட்டிய அலமாரி, தூக்கி வெளியே வைக்கக்கூடிய சமையல் பெட்டி ஆகியவை அதில் வராது என்று என்னால் வாதாட முடியும். பாடியை அறுப்பது, தரையில் சீட்டை வெல்டு செய்வது, கூரையை உயர்த்துவது ஆகியவற்றுக்கு அந்த வாதம் நிற்காது.

நம் சட்டத்துக்கு வீட்டு வேன் என்பது புதிதல்ல. 2004 நவம்பர் 5 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையில் 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்' போக்குவரத்து அல்லாத (வாடகைக்கோ சரக்குக்கோ ஓடாத) வாகனங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. இருக்கை, மேஜை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் இவையெல்லாம் இருந்தால்தான் அது மோட்டார் கேரவன், அதாவது வீட்டு வேன். அதற்கான தர நிர்ணயம் ஏ.ஐ.எஸ். 124. சிக்கல் எங்கே என்றால், அந்த வடிவமைப்பு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 126-இன் கீழ் சோதனை நிலையம் ஒன்றில் தேர்வாகிச் சான்று பெற்றிருக்க வேண்டும். புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அந்த நிலையங்கள். ஒற்றை ஆள், ஒற்றைப் பழைய சரக்கு வேனுக்காக அந்தப் படியேறுவது செலவிலும் அலைச்சலிலும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. பட்டறைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் வண்டி மாடலுக்கு உங்கள் பெயரில் சோதனை நிலையச் சான்று இருக்கிறதா?" இருந்தால் நகல் தருவார். தராவிட்டால் அவர் சொல்லும் 'அப்ரூவல்' யாரையோ பார்த்துச் சரிக்கட்டுவதுதான்.

எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை உங்கள் மனைவியும் மகளும் ஓடும் வண்டியில் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பது. முன்னால் இடமில்லாமல் பின்னால் கட்டிலில்தான் என்றால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் சரக்கு வாகனத்தில் ஏறிய பயணிகள். விபத்து நடந்தால் அப்படிப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான். ஆக, உங்கள் குடும்பத்துக்கு அந்த பாலிசியில் ஒரு பைசாகூட இல்லாமல் போகலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான கிளெய்மையும் மறுப்பார்கள். தீ விபத்து என்றால் சர்வேயர் முதலில் பார்ப்பது நீங்கள் இழுத்த ஒயரிங்கைத்தான். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் நிறுவனம் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவு கேட்கும்.

புரோக்கர் சொன்ன 'கழட்டிட்டா போச்சு' பற்றி. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். 2019 மாடல் என்றால் அந்த எட்டு வருடம் 2027-இல் முடிகிறது. வருடம் ஒருமுறை கட்டிலைக் கழற்றலாம். வெட்டிய ஜன்னலை எப்படிக் கழற்றுவீர்கள்? எஃப்.சி. பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் படுவதும் அதுதான்.

ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். லைட் வெஹிக்கிள் லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை அதை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் உறுதி செய்துவிட்டது.

என் யோசனை: இந்த வேனை விற்றுவிட்டு, சீட்டும் ஜன்னலுமாகவே வந்த பயணிகள் வேன் ஒன்றை, சொந்த உபயோகத்துக்கெனப் பதிவானதாகப் பார்த்து வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள சீட்டுகளைக் கழற்றாமல், மேலே விரிக்கும் படுக்கையும் தனிப் பெட்டியாகச் சமையலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடம்பரம் குறையும், ஆனால் மகள் பெல்ட் போட்டு முறையான சீட்டில் உட்காருவாள். இந்த வேன்தான் வேண்டும் என்றால், வரைபடத்தோடு ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிலும் எழுத்தில் வந்த பிறகே கை வையுங்கள். முன் அனுமதியோடு செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் ஆணிகூட அடிக்காதீர்கள்.

விற்பதானாலும் பெயர் மாற்றம் முதலில் முடியட்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு நிறுவனம் என்றால் முத்திரையோடு. இன்று இந்த வண்டி யாரையாவது இடித்தால் நஷ்டஈட்டு வழக்கில் பதிவு உரிமையாளராக அவர்தான் மாட்டுவார். இதைச் சொன்னால் கையெழுத்து சீக்கிரம் வரும்.

காஸ் பற்றி ஒரு வரி: வீட்டு முகவரிக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரை வேனில் ஏற்றாதீர்கள். முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் 5 கிலோ சிலிண்டர் போதும், அதையும் ஓடும்போது மூடி வையுங்கள்.

அட்வான்ஸுக்கு வருவோம். சட்டப்படி செய்ய முடியாததைச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ்: சான்றைக் காட்டு, இல்லையேல் 15 நாளில் பணத்தைத் திருப்பு. அதற்கும் அசையாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும், பட்டறை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர் ஏற்கெனவே சாமான் வாங்கியிருந்தால் அதன் பில்லைக் காட்டிக் கழிக்கப் பார்ப்பார். பில் இருந்தால் அந்தச் சாமானை வாங்கிக்கொண்டு மீதியைக் கேளுங்கள், வழக்கைவிட அது சீக்கிரம் முடியும். அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.