நியூஸிலாந்துக் காடும் மலையும் குடும்பத்தோடு: வாசகர் கேள்விகள், பதில்கள்

கோடை விடுமுறைக்கு நியூஸிலாந்து போகத் திட்டமிடும் வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். நடை, முகாம், வண்டியோட்டம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு 8 வயது, 12 வயது. ஏப்ரல் கடைசியில்தான் பரீட்சை முடிகிறது. மே முதல் வாரம் கிளம்பினால் 14 நாளில் இரண்டு தீவையும் பார்த்துவிடலாமா?
*கோவை வாசகி*

பார்க்கலாம். ஆனால் பாதி நாள் வண்டிக்குள்ளேயே கழியும். தெற்குத் தீவு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை.

மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. ஏப்ரல் முதல் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். தெற்குக் கோடியில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் விடியும், மாலை ஐந்தரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். சிறு பிள்ளைகளோடு ஆறு மணி நேர நடைக்குக் கிளம்பினால் இருட்டுக்கு முன் திரும்ப அதிக இடைவெளி இருக்காது.

மில்ஃபோர்ட் ட்ராக் போன்ற மலைப்பகுதிப் பெருநடைகளின் பருவம் ஏப்ரல் இறுதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு பனிச்சரிவு அபாயம் உண்டு, சில பாலங்களையே கழற்றி வைத்துவிடுவார்கள். ஆகவே மே மாதத்தில் அவை குடும்பத்துக்கானவை அல்ல. ஆண்டு முழுக்க நடக்கக்கூடியது தெற்குத் தீவின் வடமுனையில், நெல்சன் நகருக்கு அருகில் உள்ள ஏபல் டாஸ்மன் கடற்கரைப் பாதை. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, நெல்சன் பக்கம் நாலு ராத்திரி, மவுண்ட் குக் அடிவாரத்தில் மூன்று, தென்மேற்கில் உள்ள டெ ஆனா என்ற ஊரில் நாலு என்று பிரித்துக்கொண்டு, மீதியைத் திட்டம் போடாத நாளாக விடுங்கள். மேற்குக் கரையில் மழை பிடித்தால் இரண்டு நாள் விடாது. கையில் மாற்று நாள் இல்லாத குடும்பம்தான் "வந்தது வந்தோம், போய்த்தான் பார்ப்போமே" என்று மழையில் மலையேறுகிறது. அங்கே விபத்துகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

பிள்ளைகளுக்கு அங்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. பொடி, ஊறுகாய், முறுக்கு எடுத்துப் போகலாமா?
*மதுரை வாசகர்*

எடுத்துப் போவதைவிட முக்கியம், எடுத்து வந்ததைச் சொல்வது. புறப்படும் முன் ஆன்லைனில் நிரப்பும் பயணியர் அறிவிப்பில் உணவு இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரே ஒரு மிட்டாய் இருந்தாலும் "ஆம்" என்று குறியுங்கள். சொன்ன பொருள் ஆகாது என்றால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் கைப்பையின் அடியில் ஒரு ஆப்பிள் கிடந்தால் அந்த இடத்திலேயே 400 நியூஸிலாந்து டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த பழத்தைப் பிள்ளை பையில் போட்டுக்கொண்டு மாட்டுவது வழக்கமாக நடப்பது. இறங்கும் முன் எல்லாப் பைகளையும் ஒருமுறை துழாவிவிடுங்கள்.

தேன் கண்டிப்பாகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், நெய், பால் சேர்ந்த இனிப்பு வேண்டவே வேண்டாம். கம்பெனி பாக்கெட்டில் பெயர் அச்சிட்ட பொடிகளை உறை பிரிக்காமல் ஒரே பையில் மேலாக வையுங்கள், அதிகாரி பார்க்க வசதி. வீட்டில் அரைத்து பாலிதீனில் கட்டியது என்ன பொருள் என்று நிரூபிக்க உங்களால் முடியாது. ஆக்லாந்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, அவல் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

உணவைவிடப் பலர் மறப்பது ஷூ. காட்டில் போட்ட ஷூ, கூடாரம், கூடார முளை எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். ஷூவின் அடியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பள்ளங்களுக்குள் காய்ந்த மண்ணும், அதில் ஒட்டிய புல்விதையும் இருக்கும். ஒரு குச்சியால் கிளறி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்து, முழுக்க உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். நாடா கோக்கும் ஓட்டைக்குக் கீழே, நாக்கின் மடிப்பிலும் விதை ஒளிந்திருக்கும். இந்த நாட்டின் காடும் பண்ணையும் வெளிவிதைக்கும் நோய்க்கும் பழகாதவை, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

உள்ளே போன பிறகும் இதே கவனம் வேண்டும். தெற்குத் தீவு ஆறுகளில் 2004-இல் டிடிமோ என்னும் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அந்தப் பாசி உள்ள ஒரு துளி நீர் போதும், அடுத்த ஆற்றுக்குப் பரவிவிடும். ஒரு ஆற்றில் நனைந்த ஷூவையோ பொம்மைப் படகையோ அடுத்த ஆற்றில் விடும் முன், பாத்திரம் கழுவும் திரவம் 5 சதவீதம் கலந்த நீரில், அதாவது லிட்டருக்கு 50 மி.லி., முழுக்க நனைத்து ஊற விடுங்கள்.

கேம்பர்வேன் எடுக்கலாமா, காரும் அறையுமா? இந்திய லைசென்ஸ் செல்லுமா?
*திருச்சி வாசகர்*

ஆங்கிலத்தில் அச்சிட்ட லைசென்ஸ் செல்லும். அசல் அட்டையே கையில் இருக்க வேண்டும், போனில் படம் போதாது. ஓட்டுவதும் நம் ஊர் போலவே இடப்பக்கம்.

நாலு பேருக்கு வேன் நல்ல தேர்வு. ஆனால் அது ஓடும் வீடு; வீட்டு வேலை முழுக்க உண்டு. எடுக்கும் அன்றே மூன்று விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள்: குடிநீர்த் தொட்டி, கழுவிய நீர் சேரும் தொட்டி, கழிப்பறைப் பெட்டி. கழிப்பறைப் பெட்டி சுமார் 20 லிட்டர்தான் கொள்ளும். நாலு பேர் என்றால் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. "டம்ப் ஸ்டேஷன்" என்று எழுதிய இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். பெட்டியை வெளியே இழுத்து, கொட்டும் குழாயைத் திருப்பி, காற்றுப் பொத்தானை அழுத்தியபடியே மெதுவாகச் சாய்க்க வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். பிறகு அலசி, கொஞ்சம் தண்ணீரும் ரசாயனமும் ஊற்றித் திரும்பச் செருகுங்கள். அங்கே அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிநீர் பிடிக்கக் கூடாது. குடிநீருக்குத் தனிக் குழாயும் தனி ஹோஸும்.

வெட்டவெளியில் இலவசமாகத் தங்க வேண்டும் என்றால், 2023 சட்டப்படி கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, பச்சை நிறச் சான்று ஒட்டியிருக்க வேண்டும். அது இருந்தாலும் எல்லா இடத்திலும் தங்க முடியாது. பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் மலிவு, இடமும் அருமை. டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வரும், வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். கார் பழக்கத்தில் தாழ்ந்த கூரைக்குள் நுழைந்து மேல்தட்டைப் பெயர்ப்பதுதான் வழக்கமான சேதம்.

7 வயது நிறையாத குழந்தைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். வேனில் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது. பதிவு செய்யும்போதே கேளுங்கள். உங்கள் பிள்ளை அந்த வயதைத் தாண்டியிருந்தாலும், 148 செ.மீ. உயரம் வரும்வரை உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை போடுவது நல்லது.

கடைசியாக, ஒருவழிப் பாலங்கள். ஊர்ப்புறச் சாலைகளில் நிறைய வரும். நீல நிறச் சதுரப் பலகையில் உங்கள் பக்கத்து வெள்ளை அம்பு பெரிதாக இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். வேகத்தைக் குறைத்தபடியே பலகையைத் தேடுங்கள். முன்னுரிமை இருந்தாலும் எதிரே ஒரு வண்டி ஏற்கெனவே ஏறியிருந்தால் நின்றுவிடுங்கள்.

ஏபல் டாஸ்மனில் கடல் வற்றினால்தான் கடக்க முடியும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
*சேலம் வாசகி*

பயப்பட வேண்டாம், கணக்குப் பார்த்தால் போதும். முழுப் பாதை 60 கி.மீ., மூன்று முதல் ஐந்து நாள். அதில் அவரோவா கழிமுகம் என்ற ஓரிடத்தில் மட்டும் மாற்றுப் பாதையே கிடையாது. கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் பின்புவரைதான் கடக்கலாம். வற்றும் நேரம் காலை 11 என்றால், 9.30-லிருந்து 1.00 வரை. மறுநாள் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே முதலில் கடல் ஏறி வற்றும் நேரம் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள், பிறகு குடில் பதிவு செய்யுங்கள். மாற்றிச் செய்கிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தையை எழுப்ப வேண்டிவரும், அல்லது கரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் அவரோவாவே வேண்டாம். கைடரிடெரி என்ற கடற்கரை ஊரிலிருந்து நீர் டாக்ஸிப் படகில் பார்க் பேவில் இறங்கி ஆங்கரேஜுக்கு நடங்கள்; மூன்று, நாலு மணி நேரம். வழியில் ஃபால்ஸ் நதியின் மேல் 47 மீட்டர் தொங்குபாலம் வரும். டாரண்ட் பேயிலும் ஓதம் பார்க்க வேண்டும், ஆனால் அங்கே மேலே சுற்றிப்போகும் பாதை இருக்கிறது. மறுநாள் ஆங்கரேஜிலிருந்து மராஹாவுக்கு 12 கி.மீ. சொச்சம், பெரும்பாலும் சமமான பாதை, நாலு மணி நேரம்.

தொங்குபாலத்தின் முனையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். ஒருவர் என்றால் ஒருவர்தான். பெரியவர் ஒருவர் முதலில், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக, கடைசியில் மற்றொரு பெரியவர். நடுவே நின்று ஆட்டுவதும் குதிப்பதும் கூடாது என்பதை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுப்புக்குக் காஸ் டப்பா விமானத்தில் வராது. அங்கே போய்த் திருகு வாயுள்ள டப்பா வாங்குங்கள். 230 கிராம் டப்பா, காற்று மறைத்து மூடி போட்டுக் காய்ச்சினால் சுமார் 15 லிட்டர் வெந்நீர்வரை வரும். கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது. தீயைவிட மோசம், மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு. ஊறவைத்த அவலும் கொதிநீரில் கலக்கிய சூப்பும் போதும், காஸும் மிச்சம்.

பாம்பு, தேள் எல்லாம் எப்படி?
*நாகர்கோவில் வாசகர்*

நிலத்தில் பாம்பே இல்லாத நாடு. அதற்குப் பதில் சாண்ட்ஃபிளை. ஓடும் நீரில் பெருகும் சின்னஞ்சிறு கறுப்பு ஈ. மேற்குக் கரையிலும் தென்மேற்கு மூலையான ஃபியார்ட்லாந்திலும் நின்ற இடத்தில் கணுக்காலை மொய்க்கும். நோய் பரப்பாது. ஆனால் சொறியச் சொறியத் தடித்து, ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுக்கும். நடக்கும்போது கடிக்காது, நின்றால்தான். காற்று வீசினால் பறக்காது, இருட்டிய பிறகு அடங்கிவிடும். முழுக்கை, வெளிர் நிறத் துணி, காலுறைக்குள் செருகிய பேன்ட். முதலில் சன்ஸ்க்ரீன், அது உறிஞ்சிய பிறகு டீட் அல்லது பிகாரிடின் சேர்ந்த விரட்டி. சன்ஸ்க்ரீனை "நம் நிறத்துக்கு எதற்கு" என்று விடாதீர்கள். அங்கத்தி வெயில் குளிர்ச்சியாக இருக்கும்போதே சுடும்.

வடக்குத் தீவில் டாங்கரீரோ மலைப்பாதையைப் பத்து வயதுப் பையனோடு நடக்கலாமா?
*கொழும்பு வாசகி*

சுமார் 20 கி.மீ., ஆறிலிருந்து எட்டு மணி நேரம், உச்சப் புள்ளியான சிவப்பு எரிமலைவாய் 1,900 மீட்டரை ஒட்டி. தொடங்குமிடமும் முடியுமிடமும் வேறு வேறு. பேருந்து பிடித்துத்தான் போக வேண்டும். ஒரே நாளில் 15 கி.மீ. ஏற்ற இறக்கம் நடந்து பழகிய பத்து வயதுப் பிள்ளை என்றால் அந்நாட்டுக் கோடையில் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை), காற்றில்லாத நாளில், முடியும். இல்லையென்றால் வாகாபாபாவிலிருந்து டாரனாகி நீர்வீழ்ச்சி வளையம், 6 கி.மீ., இரண்டு மணி நேரம். அதே எரிமலை நிலத்தில்தான் நடப்பீர்கள்.

இங்கே தவறுவது உடையில். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்திக் கையைப் பிழிந்து பாருங்கள், தண்ணீர் சொட்டும். பிழிந்த பிறகும் சில்லென்று தோலோடு ஒட்டும். மேலே காற்றடித்தால் உடல் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் தொப்பியுள்ள மழைக்கோட்டு. பாதி வழியில் வானிலை மாறினால் திரும்பிவிடுங்கள். பாதையில் வரும் மரகத ஏரிகளைக் கண்ணால் பாருங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள். மாவோரி மக்களுக்கு இந்த மலை புனிதமானது. 1887-இல் அவர்களின் தலைவர் டெ ஹியூஹியூ சிகரங்களை நாட்டுக்குக் கொடுத்ததால்தான் தேசியப் பூங்காவே உண்டானது.

குவீன்ஸ்டவுனில் தங்கி, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரே நாளில் போய் வரலாமா?
*புதுச்சேரி வாசகர்*

போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். வேண்டாம். முந்தின நாளே டெ ஆனாவில் தங்குங்கள். அங்கிருந்து 118 கி.மீ., இரண்டு மணி நேரம். டெ ஆனாவிலேயே டேங்கை நிரப்புங்கள், வழியில் பம்ப் இல்லை. மே முதல் நவம்பர் வரை டயர்ச் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும், மாட்டத் தெரிந்திருக்கவும் வேண்டும். வாடகை இடத்தின் வாசலிலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மழை பெய்தால் வருத்தப்படாதீர்கள். மழைக்குத்தான் பாறை முழுக்க அருவி இறங்கும்.

ஏதாவது ஆகிவிட்டால்?
*தஞ்சாவூர் வாசகி*

அவசர எண் 111. ஆனால் மலைக்குள் சிக்னல் இருக்காது. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவை அழைக்கும் கருவி (PLB) வாடகைக்குக் கிடைக்கும். பகல் நடைக்கும் ஒன்று எடுங்கள், அதைப் பெரியவர் உடம்போடு வைத்திருக்க வேண்டும், பையில் அல்ல. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுங்கள். "சாயங்காலம் வந்துருவோம்" போதாது. "இரவு 8 மணி" என்று இருக்க வேண்டும். பாலமில்லாத ஆறு பெருகியிருந்தால் பிள்ளைகளோடு இறங்கவே வேண்டாம், வற்றும்வரை கரையில் இருங்கள்.

விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் அந்நாட்டு அரசுத் திட்டம் பயணிகளுக்கும் உதவும். காய்ச்சலுக்கும் ரத்தான டிக்கெட்டுக்கும் உதவாது. தனிக் காப்பீடு அவசியம்.

வெலிங்டனில் தமிழ் மணி ஒன்று இருக்கிறதாமே?
*காரைக்குடி வாசகர்*

உண்மைதான். 1836 வாக்கில் வடக்குத் தீவில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தியதை வில்லியம் கோலன்சோ என்ற மிஷனரி கண்டார். உடைந்த வெண்கல மணி. விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்தில், முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெளிவாகவில்லை. டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. தெற்குத் தீவுக்குப் படகு ஏற வெலிங்டன் போகிறவர்கள், அன்று பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.