போட்ல போனவங்க சொன்ன நேரத்துக்கு வரலன்னா எவ்ளோ நேரம் பாக்கலாம்?

கேள்வி: என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் இன்னொரு ஃப்ரெண்டும் சேந்து சின்ன எஞ்சின் போட்ல ஆளில்லாத ஒரு தீவுக்கு மீன் பிடிக்கப் போறாங்க, ரெண்டு ராத்திரி அங்கயே தங்கலாம்னு பிளான். போன் சிக்னல் கிடையாது. மூணு பேருக்கும் கடல் பழக்கம்தான், ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குது. என்ன வாங்கிக் குடுத்து அனுப்பணும்? வரலன்னா எவ்ளோ நேரம் பாத்துட்டு சொல்லணும்?

பதில்: ரெண்டாவது கேள்விக்கே முதல்ல வர்றேன். என்ன வாங்கணும்னு எல்லாரும் கேப்பாங்க, இத கேக்குறவங்க ரொம்ப கம்மி.

எஞ்சின் நின்னு போன போட் காத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஒரு நாட், அதாவது மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சுட்டுப் போகுதுன்னு வச்சுக்குங்க, எந்தப் பக்கம்னு தெரியாது. 3 மணி நேரத்துல நீங்க சொல்லிட்டா தேட வேண்டிய இடம் சுமாரா 100 சதுர கிலோமீட்டர். 'விடியட்டும், பாக்கலாம்'னு 24 மணி நேரம் கழிச்சு சொன்னா 6,000-த்த தாண்டிடும். நேரம் 8 மடங்குதான் கூடுச்சு, இடம் 64 மடங்கு கூடிருச்சு. காத்தோட திசை, நீரோட்டம் எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு இத சுருக்குவாங்க, ஆனா அதுக்கும் எங்க, எப்போன்னு ஒரு ஆரம்பம் வேணும்ல.

அதனால அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு நேரம் பேசி வச்சுக்குங்க. ஒண்ணு கரைக்கு வர்ற நேரம். இன்னொண்ணு, அதுக்குள்ள தகவல் இல்லன்னா நீங்க யாரையும் கேக்காம கடலோரக் காவல் படைக்கோ மீட்பு மையத்துக்கோ போன் பண்ற நேரம். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் போதும், அதுவும் இருட்டுறதுக்கு முன்னாடி வர்ற மாதிரி வைங்க. 24 மணி நேரம் ஆனாத்தான் புகார் எடுப்பாங்கன்னு ஒரு பேச்சு சுத்திட்டு இருக்கு, கடல் தேடுதலுக்கு அது சுத்தமா பொருந்தாது. போன் பண்ணி அரை மணில அவங்க சிரிச்சுக்கிட்டே வந்து இறங்குனா இறங்கட்டும், யாரும் உங்கள திட்ட மாட்டாங்க.

2024-ல பசிபிக்ல மைக்ரோனேஷியாவுல நடந்தது இது. நாப்பது வயசு தாண்டுன மூணு பேர், அந்தக் கடல் நல்லா பழக்கப்பட்டவங்க, மார்ச் 31-ந் தேதி 20 அடி போட்ல பிகெலாட்ங்கிற ஆளில்லாத குட்டித் தீவுக்குப் போனாங்க. எஞ்சின் கெட்டுப்போச்சு, ரேடியோ பேட்டரியும் தீர்ந்துபோச்சு. அவங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி ஏப்ரல் 6-ந் தேதி குவாம்ல இருக்க மீட்பு மையத்துக்கு போன் பண்ணி, இந்தத் தீவுக்குப் போனவங்க திரும்பலன்னு சொன்னா. முதல்ல போட்ட தேடுதல் பரப்பே 78,000 சதுர கடல் மைலுக்கு மேல. ஆனா மறுநாளே விமானத்துல போனவங்க பிகெலாட் மணல்ல தென்னமட்டையால 'ஹெல்ப்'னு போட்டிருந்தத பாத்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு தீவு பேர் தெரியாமலோ போன் பண்ண தோணாமலோ இருந்திருந்தா கதையே வேற.

ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி உங்ககிட்ட வச்சுக்குங்க: எத்தன பேர், போட் நீளம், உள்ளயும் அடியிலயும் என்ன கலர் (கவுந்தா தெரியுறது அடிப்பக்கம்தானே), எவ்ளோ பெட்ரோல், எவ்ளோ தண்ணி, யாருக்கு என்ன மருந்து, தீவோட எந்தப் பக்கம் தங்குறாங்க, காத்து மாறுனா எங்க ஒதுங்குவாங்க. போட்டோவும் எடுத்து வைங்க. பாதி வழில பிளான மாத்துற ஆளுங்கதான் ஜாஸ்தி, அப்படி மாத்துனா உங்களுக்கு சொல்ல முடியாதுல்ல, அதனால எழுதுன இடத்துக்கு மட்டும்தான் போகணும்னு சத்தியம் வாங்கிக்குங்க.

இப்போ பொருள். ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் வாங்குங்க, ஆபத்துல ஆன் பண்ணா சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற கருவி அது, ஜிபிஎஸ் உள்ளதா பாத்து. ஆள் உடம்புல மாட்டுறது பிஎல்பி, ஆன் பண்ணா குறைஞ்சது 24 மணி நேரம் ஓடும். போட்டுக்கு வைக்கிறது ஈபர்ப், 48 மணி நேரம். சிக்னல் காஸ்பாஸ்-சார்சாட்ங்கிற சர்வதேச மீட்பு ஏற்பாட்டோட சாட்டிலைட் வழியா நேரா மீட்பு மையத்துக்குப் போயிடும். வாங்குனதும் ரெஜிஸ்டர் பண்ணி அவசர நம்பரா உங்க நம்பர குடுங்க, அவங்க முதல்ல கூப்பிடுறது உங்களத்தான். யாராவது பழசு ஒண்ண சும்மா குடுத்தா 121.5 மெகாஹெர்ட்ஸ்ல மட்டும் வேலை செய்யுறதான்னு பாருங்க, அந்த சிக்னல சாட்டிலைட் கேக்குறத 2009 பிப்ரவரி 1-லயே நிறுத்திட்டாங்க. அப்புறம், பிஎல்பி பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது, லைஃப் ஜாக்கெட்லயே மாட்டியிருக்கணும். போட் கவுற நேரத்துல பெட்டிய தேடிட்டு இருக்க முடியாது.

கைல வச்சுக்குற விஎச்எஃப் ரேடியோவும் நல்லதுதான், ஆபத்துன்னா கூப்பிடுறது சேனல் 16-ல. ஆனா அது பார்வைக் கோட்டுலதான் போகும், தாழ்வான போட்ல இருந்து சில மைல்தான் எட்டும், அந்தத் தூரத்துக்குள்ள ஒருத்தரும் இல்லன்னா பிரயோஜனம் இல்ல. வெயில அடிச்சுக் காட்ட முகம் பாக்குற சின்னக் கண்ணாடி ஒண்ணு, பகலுக்கு ஆரஞ்சு புகை, ராத்திரிக்கு சிவப்பு ஃப்ளேர், இதெல்லாம் விமானமோ கப்பலோ கண்ணுக்கோ காதுக்கோ எட்டுனாத்தான் எடுக்கணும்.

கடைசியா ஒண்ண அவங்க மூணு பேர்கிட்டயும் நேரா சொல்லுங்க: கவுந்தாலும் போட்ட விட்டுட்டு நீந்தக் கூடாது. மேல இருந்து தேடுறவனுக்கு போட் தெரியும், தண்ணிக்கு மேல இருக்க தலை தெரியாது. 1961 நவம்பர்ல நியூ கினி தீவு பக்கத்துல, அமெரிக்காவோட பெரிய பணக்காரக் குடும்பத்துப் பையன் மைக்கேல் ராக்ஃபெல்லரோட போட் கவுந்துச்சு. கூட வந்த உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் உடனே நீந்திப் போயி கரை சேந்துட்டாங்க, உண்மைதான். ராக்ஃபெல்லர் ராத்திரி முழுக்க போட்லயே இருந்துட்டு காலைல நீந்தக் கிளம்புனாரு, அப்புறம் ஆளே கிடைக்கல. அவரு கூட வந்து, கவுந்த போட்ட விடாம இருந்த ரெனே வாஸிங்க மறுநாள் காப்பாத்திட்டாங்க.

திரும்பி வந்ததும் மீன் கழுவுறதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் வரணும்னு சொல்லிடுங்க. நீங்க ஏற்கனவே மீட்பு மையத்துக்கு சொல்லியிருந்தா, அடுத்த போன் உடனே அவங்களுக்கு.