பழைய மாளிகையில் பேய் ஆய்வு என்றால் என்ன செய்வார்கள்?

இதற்குப் பேர்போன உதாரணம், இங்கிலாந்தின் எசெக்ஸில் இருந்த போர்லி பாதிரியார் இல்லம். 1937-இல் ஹாரி பிரைஸ் என்ற பேய் ஆய்வாளர் அதை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, 48 பேரைக் காவலுக்குச் சேர்த்தார். பொருள்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, நகர்கிறதா என்று பார்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் என்னென்ன நடக்கலாம் என்று சொல்லும் கையேட்டையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்! அதைப் படித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தவனுக்கு எலி ஓடினாலும் காலடிச் சத்தம்தானே?

1939-இல் வீடு எரிந்துபோனது. அமானுஷ்ய ஆய்வுக்கென்றே இருந்த சங்கத்தின் உறுப்பினர்கள் மூவர் பதிவுகளைத் துருவி, 1956-இல் அறிக்கை வெளியிட்டார்கள்: எலிகள், கட்டட அமைப்பால் விசித்திரமாகக் கேட்கும் ஓசைகள், மனிதக் கைவரிசை. பிரைஸையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.