கேளுங்க, சொல்றேன்: செல்போன்ல பழைய பேய்ப்படம்

கேள்வி: 1922-ல வந்த நோஸ்ஃபெராட்டு படத்த போன்ல பாத்தேன். பயமே வரல, சிரிப்புதான் வந்துச்சு. ரத்தக்காட்டேரி பட்டப்பகல்ல சவப்பெட்டிய கக்கத்துல இடுக்கிட்டு போவுது, ஆளுங்க எல்லாம் பஸ்ஸ விட்டவங்க மாதிரி ஓடறாங்க. இதுக்கா இவ்ளோ பில்டப்? (வாசகி, திண்டுக்கல்)

நானும் மொத தடவ சிரிச்சவன்தாங்க. ரயில்ல சைடு லோயர்ல போர்வைக்குள்ள பூந்துகிட்டு பாத்தேன், பத்து நிமிஷத்துல தூங்கியே போயிட்டேன். நீங்க பாத்தது படம் இல்ல, படத்தோட மோசமான காப்பி. அந்தக் காலத்துல ராத்திரில ஷூட்டிங் பண்றது ரொம்ப கஷ்டம், அதனால பகல்ல எடுத்துட்டு ஃபிலிம நீலச் சாயத்துல முக்கிருவாங்க, நீலமா வந்தா ராத்திரின்னு பாக்கறவங்களுக்குத் தெரியும், மஞ்சளா வந்தா பகல் இல்ல விளக்கு வெளிச்சம். பின்னாடி வந்த காப்பியில சாயம் போயி வெறும் கருப்பு வெள்ளை ஆயிடுச்சு, அதான் நம்ம ரத்தக்காட்டேரி கவுண்ட் ஓர்லோக் மொட்ட வெயில்ல பெட்டியத் தூக்கிட்டு போறாரு. ஓடறதுக்கும் காரணம் இருக்கு. கையால சுத்தி செகண்டுக்கு 16, 18 ஃப்ரேம்னு (ஒரு ஃப்ரேம்னா ஒரு ஸ்டில் படம்) எடுத்தத செகண்டுக்கு 24-ன்னு ஓட்டினா எல்லாருமே ஓடத்தான் செய்வாங்க. ஒரு மணி நேரத்துல முடியுதுன்னா அந்தக் காப்பிய மூடிருங்க, ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமா ஓடற, நீலமும் மஞ்சளும் மாறி மாறி வர்ற காப்பியா தேடுங்க. (காட்டுல வர்ற குதிரை வண்டி மட்டும் எந்தக் காப்பியிலயும் வேகமாத்தான் போகும், அது டைரக்டர் முர்னாவ் வேணும்னே பண்ண வேல.)

காப்பி கிடைக்கறதே பெரிய விஷயம்ங்க. டிராகுலா நாவல அனுமதி கேக்காம எடுத்துட்டாங்கன்னு, அத எழுதின ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டு, 1925-ல இருக்கற பிரிண்ட் எல்லாத்தையும் அழிச்சிருங்கன்னு ஜெர்மனி கோர்ட்டு சொல்லிடுச்சு. அதுக்குள்ள வெளிநாட்டுக்குப் போயிருந்த பிரிண்டுங்க தப்பிச்சிருச்சு, அதுலேருந்துதான் நம்ம போன் வரைக்கும் வந்திருக்கு.

கேள்வி: நைட் ஆஃப் தி லிவிங் டெட் படம் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற வெப்சைட்டுல சும்மாவே டவுன்லோடு ஆவுது. திருட்டுப் படமா? போலீஸ் வருமா? (வாசகர், விருதுநகர்)

போலீஸ் வராது, பயந்தா படத்தப் பாத்து பயப்படுங்க. அது 1968-ல ஜார்ஜ் ரொமேரோங்கற டைரக்டர் அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பக்கத்துல கூட்டாளிங்கள சேத்துகிட்டு கையில இருந்த காச வச்சு எடுத்தது, ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்தான் ஊத்தினாங்க. அதுக்கு முதல்ல வேற பேரு இருந்துச்சு, விநியோகஸ்தர் பேர மாத்தறப்ப பழைய டைட்டில் கார்டுல இருந்த, படம் எங்களுக்குச் சொந்தம்னு சொல்ற காப்பிரைட் வரியும் சேந்து காணாமப் போச்சு. அந்த ஒரு வரி இல்லாம ரிலீஸ் பண்ணா அப்பெல்லாம் அமெரிக்க சட்டப்படி உரிமையே கிடையாது, படம் பொதுச்சொத்து. ஒரு வரிய விட்டதுக்கு எவ்ளோ நஷ்டம் பாருங்க, ஜாம்பி படம் எடுக்கற எல்லாருக்கும் இதுதான் தாய்வீடு, ஆனா எடுத்தவங்களுக்கு வரவேண்டிய காசு வரல. இத்தனைக்கும் படத்துல ஜாம்பிங்கற வார்த்தையே ஒரு எடத்துலயும் வராது.

நம்ம சட்டத்துல சினிமாவுக்கு வெளியான அடுத்த வருஷத்துலேருந்து 60 வருஷம் உரிமைன்னு கணக்கு. 1920-கள்ல வந்த படமெல்லாம் எப்பவோ தாண்டிருச்சு. 1968 படத்துக்கு இந்தக் கணக்கு 2028 முடியற வரைக்கும் இழுக்கும், அதனால வீட்டுல பாருங்க, ஆனா அத சேனல்ல போட்டு காசு பாக்கலாம்னு ஐடியா இருந்தா ஒரு வக்கீல கேட்டுட்டு இறங்குங்க. புதுசா சேத்த மியூசிக்கு தனி உரிமை இருக்கும், அதையும் மறந்துராதீங்க.

கேள்வி: ரெண்டு பக்கமும் கருப்பா பட்டை வருது, ஜூம் பண்ணி பாக்கலாமா? இருட்டு சீன்ல ஒண்ணுமே தெரியல. (வாசகர், கோவை)

பண்ணாதீங்க! அந்தப் படங்க கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், 4-க்கு 3. இப்ப வர்ற நீட்டு போன்ல ஃபுல்லா இழுத்தீங்கன்னா மேலயும் கீழயும் சேத்து நூத்துக்கு 40 பங்கு படம் போயிரும், நோஸ்ஃபெராட்டுல மாடிப்படி ஏறுற நிழல்ல நகம் மட்டும் இருக்கும் தலை இருக்காது. பட்டை கிடந்துட்டுப் போகுது, லைட்ட அணைச்சா அது கண்ணுக்கே தெரியாது. அப்புறம் ஆட்டோ பிரைட்னஸ ஆஃப் பண்ணுங்க, ரூம் இருட்டானா போனும் தானா மங்கிரும், மங்கினா இருட்டு சீன்ல கருப்புக்குள்ள கருப்பு. கண்ணு வலிக்காம இருக்க மஞ்சளாக்குற மோட் இருக்கே, அதையும் அணைச்சிருங்க, இல்லாட்டி நீல ராத்திரி எல்லாம் பச்சையா அழுக்கா தெரியும். நெட்டு ஸ்லோவானா தானா குவாலிட்டி கொறஞ்சு இருட்டுல கட்டம் கட்டமா வரும், அதுக்கு முன்னாடியே வைஃபைல டவுன்லோடு பண்ணி விஎல்சி ஆப்புல போட்டு பாக்கறது நல்லது.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, எதுல ஆரம்பிக்கலாம்? (வாசகி, சேலம்)

ஊமைப்படம்தான் உங்களுக்கு வசதி. நடுவுல எழுத்து வரும், அத நிறுத்தி வச்சு நிதானமா படிக்கலாம், பேசற படத்துல அது முடியுமா? 1925-ல வந்த ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா பாருங்க. அதுல முகமூடிக்காரனா நடிச்ச லான் சேனி மேக்கப்ப தானே போட்டுக்குவாரு. ஆர்கன் வாசிச்சுட்டு இருப்பாரு, கதாநாயகி பின்னாடி பூனை மாதிரி வந்து முகமூடியத் தொடப் போயி கைய இழுத்துக்கும், மறுபடி வரும், மறுபடி இழுத்துக்கும். புடுங்கினதும் அவ பாக்கறதுக்கு முன்னாடி நமக்குத்தான் அந்த மூஞ்சி தெரியும். நான் மல்லாக்க படுத்து போன தூக்கிப் புடிச்சுகிட்டு பாத்தேன், போன் நேரா மூக்குல விழுந்துச்சு. நீங்க உக்காந்தே பாருங்க.