பதினாறு கொட்டைகள்

வணக்கம் சார்,

மகனைப் பார்க்க ஜெர்மனி போனபோது ஊல்ம் நகர அருங்காட்சியகத்தில் ஒரு மரத்தட்டைப் பார்த்தேன். விளிம்பு முழுக்கச் செதுக்கல். ஆப்பிரிக்காவில் குறி பார்க்க வைத்திருந்ததாம். நம்மூரில் சோழி உருட்டுவது மாதிரிதானே? மூடநம்பிக்கைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அது இஃபா என்ற குறி பார்க்கும் முறைக்கான தட்டு. இன்றைய பெனின் நாட்டின் அல்லாடா பகுதியிலிருந்து போனது. 1659-லேயே வைக்மன் என்ற ஊல்ம் வணிகரின் சேகரிப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த மண்ணில் கரையான் மரத்தை விட்டுவைக்காது. இவ்வளவு பழைய தட்டு கிடைத்ததே பெரிய விஷயம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடம் இஃபா பார்ப்பவருக்குப் பெயர் பபலாவோ. தட்டில் மரத்தூளைப் பரப்பிக்கொள்வார். ஒரு கையில் எண்ணெய்ப்பனைக் கொட்டைகள் பதினாறு. மறு கையால் அத்தனையையும் ஒரே பிடியில் அள்ளப் பார்ப்பார். ஒன்று மிஞ்சினால் தூளில் விரலால் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. வேறு எப்படி வந்தாலும் கணக்கில்லை, திரும்ப அள்ள வேண்டும். இப்படி எட்டுக் குறி, நான்கு நான்காக இரண்டு வரிசை. வரக்கூடிய உருக்கள் மொத்தம் 256.

சோழியோடு ஒப்பிட்டதில் தவறில்லை. ஆனால் இங்கே கொட்டை செய்வது பக்கத்தைப் புரட்டும் வேலை மட்டும்தான். ஒவ்வோர் உருவுக்கும் ஏராளமான பாடல்கள் உண்டு. முன்னொரு காலத்தில் யாருக்கு யார் குறி பார்த்தார், என்ன படையல் வைக்கச் சொன்னார், அவர் வைத்தாரா, என்ன ஆனது என்று கதையாகப் போகும். எல்லாம் மனப்பாடம். குருவிடம் பல வருடம் இருந்து கற்பது. கேட்க வந்தவர் தன் கவலையை பபலாவோவிடம் சொல்லவே வேண்டாம், ஒரு காசிடம் முணுமுணுத்துக் கீழே வைத்தால் போதும். பாடல்கள் ஒவ்வொன்றாக வரும்போது, ‘இது என் கதை’ என்று அவரே கண்டுகொள்வார். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பலிக்குமா என்றால், நான் நம்புவதில்லை. ஆனாலும் எழுத்தில்லாமல் காப்பாற்றிய இவ்வளவு பெரிய இலக்கியத்தை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் தள்ள எனக்கு மனம் வராது. அடிமைக் கப்பலில் போனவர்கள் கையில் எதுவும் இல்லாமல்தான் போனார்கள். இஃபாவை நினைவில்தான் கொண்டுபோனார்கள், கியூபாவில் இன்றும் பார்க்கிறார்கள். யுனெஸ்கோ இஃபாவை 2005-இல் அங்கீகரித்தது.

அடுத்த முறை போனால் விளிம்பில் இருக்கும் முகத்தைப் பாருங்கள். அது எஷு, படையலைத் தெய்வங்களிடம் கொண்டுசேர்ப்பவர். பபலாவோ உட்காரும்போது அந்த முகம் அவருக்கு எதிரே இருக்கும்.