கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எம்பிஎஸ்?

கேள்வி: மகனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். பிராசஸர் ரைசன் 5 7600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 என்று முடிவாகிவிட்டது. நாகர்கோவிலில் கடைக்காரர், கேபினெட்டோடு வரும் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போதும் என்கிறார். மகன் 850 வாட்ஸ்தான் வேண்டும் என்கிறான். வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கத்தில். எதை வாங்குவது?

பதில்: இரண்டும் வேண்டாம். தரமான 550 வாட்ஸ் போதும்.

கணக்கைப் பாருங்கள். அந்த கிராபிக்ஸ் கார்டு 115 வாட்ஸ் இழுக்கும். பிராசஸர் அதிகபட்சம் 88. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 70 என்று வைத்தாலும் மொத்தம் 280-ஐத் தாண்டாது. கார்டு சில நொடித்துளிகள் திடீரென்று கூடுதலாக இழுக்கும். அதற்கும் சேர்த்துத்தான் என்விடியா நிறுவனம் இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் என்று சொல்கிறது. பின்னால் ஆர்டிஎக்ஸ் 5070 போன்ற 250 வாட்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 650 வாங்கிவிடலாம். 850 உங்களுக்கு வீண் செலவு.

அப்படியானால் 280-க்கு 450 தாராளம்தானே என்று தோன்றும். சிக்கலே இங்கேதான். பெட்டியில் பெரிதாக எழுதிய எண்ணை விட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பிராசஸரும் கார்டும் 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 18, வெறும் 216 வாட்ஸ். 450 என்று மேலே போட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550-ல் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். கடையில் நின்று இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லும் முத்திரை. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. பிரான்ஸ் போதும். ஆனால் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் ஐந்து வருட வாரண்டியும் இருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். வாட்ஸை விட எனக்கு இதுதான் கவலை. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று ஷாக் அடித்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். கடலோரத்தில் எர்த் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம்.

அடுத்து யுபிஎஸ். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்தால் கேம் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும். 1000 விஏ வாங்குங்கள், முடிந்தால் ப்யூர் சைன்வேவ், அதாவது வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலையாகக் கரண்ட் கொடுப்பது. விலை கூடுதல்தான், ஆனால் இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யுபிஎஸ்ஸின் கரண்டுக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும்.

கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலோரத்திலும் தரையிலும் வைக்க வேண்டாம். உப்பு ஈரம் தூசியோடு சேர்ந்து உள்ளே படிந்தால் அது கரண்டைக் கடத்தும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

நம் மாவட்டத்தில் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி பலமாக இருக்கும். அப்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள். மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள். நெட் கேபிளையும் மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள். இடி அந்த வழியாகவும் மதர்போர்டுக்குள் வரும்.